கட்டைவிரல் நகர்த்திய வாக்குத்தத்தம்

புத்தாண்டுக் காலை ஆராதனை முடியும் தறுவாயில், பீடத்துக்கு நான்கடி முன்னால், எவர்சில்வர் தட்டொன்றை ஏந்தி நான் நின்றிருந்தேன். தட்டில் அட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வோர் அட்டையின் மறுபக்கத்திலும் ஒரு வேதவசனம். வரிசையில் வருகிறவர் கண்ணை மூடி ஓர் அட்டையை எடுப்பார். அவர் கைக்கு வந்த வசனமே அவ்வாண்டு முழுவதற்கும் இறைவன் அவருக்கு அருளிய வாக்குத்தத்தம். சேக்காட்டில் உள்ள எங்கள் சிறிய சபைக்கு மட்டும் உரிய வழக்கமன்று இது. இந்தப் பக்கத்துச் சபைகள் பலவற்றிலும் உண்டு.

பல்லாண்டுகள் தட்டேந்தியவன் ஆதலால், யார் எப்படி எடுப்பார் என்பது எனக்கு மனப்பாடம். இளையோர் அடியிலிருந்து உருவுவர். முதியோர் நடுவில் கை வைப்பர். ஓய்வுபெற்ற ரயில்வே அலுவலர் ஒருவர் ஒன்றைத் தொட்டு, விட்டு, வேறொன்றைத் தொட்டு, முதலில் தொட்டதையே எடுத்துப் போவார். கிரேஸ் மட்டும் தேடுவதே இல்லை. கையை நீட்டியதும் விரலில் எது படுகிறதோ அதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

கிரேஸுக்கு ஐம்பது வயது இருக்கும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து முடித்த சட்டைகளைத் தடவிப் பார்த்து, விட்டுப்போன தையலையும் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையும் கண்டுபிடிப்பது அவர் தொழில்.

அவர் என் முன் வந்து கண்ணை மூடினார். தட்டின் விளிம்பில் இருந்த என் வலக் கட்டைவிரல், அதன் அடியில் நான் அழுத்தி வைத்திருந்த ஓர் அட்டையை அவர் கைக்கு நேராக நகர்த்தியது. அவர் விரல் அதன்மேல் பட்டது, எடுத்தார், திருப்பிப் படித்தார்.

மரணம் அண்டாது, உயிர் நிலைக்கும் என்னும் பொருளுடைய சங்கீத வரி அது.

"சார்!" என்றார். அட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"நவுரும்மா கிரேஸு, நாங்களும் எடுக்க வேணாமா?" என்று பின்னாலிருந்தவர் அவரை மெல்ல இடித்தார்.

மேடையில் நின்று பேசியவற்றையே இத்தொடரில் இதுவரை எழுதிவந்தேன். மேடைக்குக் கீழே நின்று செய்த இதனை எழுதலாமா என மூன்று வாரங்களாகத் தயங்கினேன். இப்போதும் அமர்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன்.

சுவரில் ஒட்டிய மழை

அட்டைக்குரிய வசனங்களைத் தேர்வது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். எங்கள் ஆயர் மூன்று சபைகளைச் சுற்றி வருபவராதலால், மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் பிரசங்கமும் என்னுடையதே. சொல்லோடு தொடர்புடைய வேலை எதுவாயினும் அது என் தலையில் வந்து அமரும்.

தேர்வில் நான் செய்துவந்த ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கடிந்துரைக்கும் வசனங்களைத் தொடுவதே இல்லை. வாக்குக்கு முன்னால் நிபந்தனை இருந்தால் அதனை வெட்டிவிட்டு, இனிப்பான பின்பாதியை மட்டும் அச்சுக்குக் கொடுப்பேன். அட்டையில் இடம் போதாது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம்.

ஒருமுறை, மழைவெள்ளம் இடுப்பளவு புகுந்த வீட்டுக்காரர் ஒருவருக்கு ஆசீர்வாதமான மழையைப் பற்றிய வசனம் வந்தது. அவர் அதை வீட்டுச் சுவரில் வெள்ளக்கறை நின்ற கோட்டின்மேலேயே ஒட்டி வைத்தார். அடுத்த புத்தாண்டில் அவர் மனைவி தட்டின் முன் வந்து, கண்ணை மூடுவதற்கு முன்பே, "சார், மழ போதும் சார், இந்த வருஷம் வேற எதுனா குடுங்கோ" என்றார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். என்னால் 'வேறு எதையாவது' கொடுக்க முடியும் என்னும் எண்ணம் அன்றுதான் முதன்முதலாக என்னுள் விழுந்ததோ என இப்போது ஐயமாக இருக்கிறது.

குமணன்சாவடியில் நின்ற வண்டி

அச்சான அட்டைகளை வாங்கிவர அந்த டிசம்பரில் பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். திரும்புகையில் ஏறிய ஷேர் ஆட்டோ கிரேஸின் கணவர் டேனியலுடையது. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே ஓட்டுகிறவர். ஞாயிறுதோறும் மனைவியை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே வண்டியில் கால் நீட்டிப் படுத்திருப்பார், உள்ளே வரமாட்டார்.

ஓட்டுநர் அருகில் எனக்கு இடம் கொடுத்தவர், என் மடியில் இருந்த அட்டைக்கட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், கிளி சீட்டு ரெடியா?"

"டேனியல், இது வேதவசனம்."

"அதான் சார். அங்க கிளி எட்த்துக் குடுக்குது, இங்க அவனவனே எட்த்துக்கறான். கிளிக்கு நெல்லு மிச்சம்."

சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார். குமணன்சாவடிச் சந்திப்பில் நெரிசல், வண்டி நின்றது. சட்டென்று ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்தார். தூக்கமோ என நினைத்தேன். தோள் குலுங்கியது.

"சார், அவளுக்கு மார்ல கட்டி சார். நெல்லிக்கா மாதிரி. ஊசி குத்தி எட்த்துப் பாத்தாங்கோ. கெட்ட கட்டின்ட்டாங்கோ. பொங்கலு முடிஞ்சதும் ஆபரேஷனாம்."

பின்னால் ஆறேழு பேர் இருந்தார்கள். முன்னே வழி திறந்துவிட்டது. "அண்ணாத்தே, வண்டிய எடுப்பா, டூட்டிக்கு லேட்டாவுது" என்றது ஒரு குரல்.

"இருய்யா, எடுக்கறேன்!" என்று இரைந்தவர், சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "யாராண்டயும் சொல்லக்கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிகினா சார். நான் சொன்னேன்னு தெரிஞ்சா அவ்ளோதான். சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்றேன்.

அன்று பிற்பகல் அட்டைகளைக் கலைத்து அடுக்கும்போது அந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்தேன். இரக்கத்தால் செய்தேன் என எழுதினால் பாதி உண்மையே ஆகும். அவர் வீட்டுக்குப் போய் எதிரே அமர எனக்குத் துணிவில்லை. என்ன சொல்வதெனத் தெரியவில்லை. ஆறுதல் கூறும் கடமையை ஓர் அட்டையின்மேல் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

அழகாக அமைந்த வாக்கியம்

தட்டேந்துவதற்குச் சற்று முன்புதான் அந்தப் புத்தாண்டுப் பிரசங்கத்தை முடித்திருந்தேன். பொருள் விசுவாசம். முடிவுக்கு ஒரு வாக்கியத்தை இரண்டு நாள் செதுக்கி வைத்திருந்தேன்: 'வாக்குப் பெற்றவர் வாசலை மறுமுறை தட்டிப் பார்ப்பதில்லை.' மோனை அமைந்தது; ஓசை நின்றது. மூன்றாம் வரிசையில் கிரேஸ் அதனைத் தம் சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதைக் கண்டு மகிழ்ந்தேன்.

அவ்வாக்கியம் உண்மையா என நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"நீ ஏத்துனது, நீயே எறக்கு"

பொங்கல் கழிந்த மறுநாள் காலை, என் வீட்டுக் கதவருகே டேனியலின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சார், உங்க சபையில குட்த்த அட்டய ஃபிரிட்ஜு மேல ஒட்டிகினு, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்றா."

"என்னப்பா சொல்றீங்க?"

"கர்த்தர் சொல்ட்டாரு, நான் சாவ மாட்டேன், இன்னாத்துக்கு ஆபரேஷன்னு கேக்கறா. செவ்வாக்கெயம அட்மிஷன் சார். அத்த வுட்டா திரும்ப தேதி எப்ப கெடைக்குமோ. அதுக்குள்ள பரவிடும்ன்றாரு டாக்டரு. நான் கத்துனா, 'கர்த்தருக்கு மேல நீ யாரு'ன்றா. புருஷன் சார் நானு!"

உள்ளே வந்து அமரச் சொன்னேன்.

"நீ ஏத்துனது சார். நீயே எறக்கு" என்றார். என் விரல் செய்ததை அவர் அறியார். சபை கொடுத்த அட்டையையும் என் பிரசங்கத்தையுமே மனத்தில் வைத்துச் சொன்னார்.

அன்றே கிரேஸின் வீட்டுக்குப் போய், டேனியல் அனுப்பி வந்ததாகச் சொன்னேன். மருத்துவரின் கையும் இறைவனின் கருவியே, மருந்தும் அவன் படைப்பே என எனக்குத் தெரிந்தவற்றை எல்லாம் சொன்னேன். வேலையிலிருந்து திரும்பிய களைப்போடு பொறுமையாகக் கேட்டார். பிறகு குறிப்பேட்டைப் பிரித்து என்முன் வைத்தார்.

"வாக்கு வாங்குனவங்கோ ரெண்டாந்தரம் வாசக்கதவத் தட்டக்கூடாதுன்னு நீங்க தானே சார் சொன்னீங்கோ? கத்தி வெச்சிகினா தட்டுறா மாதிரி ஆவாதா?"

அவருடைய உருண்டையான கையெழுத்தில் என் வாக்கியம், ஒரு சொல்லும் பிசகாமல் இருந்தது.

ஆயர் சொன்ன வழி

சனிக்கிழமை ஆயரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். முப்பத்தைந்து வயதுக்காரர், என்னை 'ஐயா' என்றே அழைப்பவர். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, அவங்ககிட்ட இதைச் சொல்லாதீங்க. நான் வேணா வந்து பேசிப் பாக்கறேன்."

"என் பேச்சையே கேக்கல. உண்மையைச் சொன்னாதான் அந்த அட்டையை விடுவாங்க."

"விட்டுட்டு எதைப் பிடிச்சுக்குவாங்க? ஆஸ்பத்திரியில சேர ரெண்டு நாளுக்கு முன்னால, 'உனக்குக் கடவுள் ஒண்ணும் சொல்லல, நான்தான் சொன்னேன்'னு சொல்லப் போறீங்களா? இது வெளியில தெரிஞ்சா சபையில ஒவ்வொருத்தரும் அவங்க அட்டையை எடுத்து மோந்து பாப்பாங்க. அடுத்த வருஷம் எல்லார் கண்ணும் உங்க கட்டைவிரல் மேலதான்."

அவர் சொன்னது தவறன்று. அதுதான் என்னை மேலும் அலைக்கழித்தது. சொன்னால் கிரேஸின் நம்பிக்கை உடையும். சொல்லாவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து. வீட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டு, ஏரிக்கரைப் பக்கமாகக் காரணமின்றி நடந்து போனேன். மறுநாளைய பிரசங்கக் குறிப்பைச் சட்டைப் பையிலிருந்து நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியும் மனத்தில் நிற்கவில்லை.

எத்தனை பேர் இருந்தார்கள்?

ஞாயிறன்று என் பிரசங்கம் தட்டுத்தடுமாறி முடிந்தது. ஆராதனைக்குப் பின் கிரேஸை ஞாயிறு பள்ளி அறைக்கு அழைத்தேன். அங்கே பெரியவர்க்கு இருக்கை கிடையாது. குழந்தைகளின் தாழ்ந்த பெஞ்சுகளில், முழங்கால் மார்பைத் தொட, எதிரெதிரே அமர்ந்தோம். வெளியே டேனியல் வண்டியின் ஹார்னை இருமுறை அழுத்தினார்.

"கிரேஸ் அம்மா, அந்த அட்டை நீங்க எடுத்தது இல்ல. நான் எடுக்க வச்சது."

அவருக்கு விளங்கவில்லை. அங்கிருந்த வருகைப் பதிவேட்டைத் தட்டுபோல் ஏந்தி, அதன்மேல் ஒரு தாளை வைத்து, கட்டைவிரலால் நகர்த்திக் காட்டினேன். சட்டையின் தையலைப் பார்ப்பவர்போல அவர் என் விரலைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, நான் சற்றும் எதிர்பாராதபடி, புன்னகைத்தார்.

"இவ்ளோ தானா சார்? நான் இன்னாவோன்னு பயந்துட்டேன். அத்தினி பேரு வரிசையில நிக்கச்சொல்ல உங்க வெரலுக்கு என் நெனப்ப யாரு குட்த்தாங்கோ? கர்த்தரு தானே? அவரு நேரா குட்த்தா இன்னா, உங்க கையால குட்த்தா இன்னா?"

மனிதரைக் கொண்டே இறைவன் செயலாற்றுகிறான் என்று எத்தனையோ ஞாயிறுகளில் நானே பேசியிருக்கிறேன். என் சரக்கையே எனக்குத் திருப்பித் தந்தார். உண்மையைச் சொன்னதனால் அந்த அட்டை முன்னிலும் உறுதியாகிவிட்டது.

எழுந்துகொள்ள முயன்றவர் பாதியில் நின்றார்.

"ஆமா, உங்களுக்கு எப்டி சார் தெரியும்? புதுவருஷத்துக்கு முன்னாடியே? நான் யாராண்டயும் சொல்லலியே."

குறையைக் கண்டுபிடிப்பது அவர் தொழில் அல்லவா? நான் பதிவேட்டைப் பார்த்தேன். டேனியலுக்கு டிசம்பரில் கொடுத்த வாக்கு ஒன்று எஞ்சியிருந்தது. அதையும் முறித்தேன்.

"டேனியல்தான் அப்பவே சொன்னார்."

"அந்த ஆளா? ஜோக்கடிச்சிகினு சொல்லியிருப்பாரு."

"இல்லம்மா. அழுதார்."

"யாரு? எங்க ஊட்டுக்காரரா?" மறுபடி பெஞ்சில் அமர்ந்தார். "எங்க வெச்சி?"

"குமணன்சாவடியில. ஸ்டியரிங் மேல கவுந்து."

"வண்டில சவாரி இருந்திச்சா?"

"இருந்தது. ஆறேழு பேர்."

"ஆறேழு பேரு முன்னாடியா!"

சேலைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் பேசியது என்னிடமா என்று தெரியவில்லை.

"அவுங்க அம்மா செத்தப்பகூட அழுவல சார் அந்தாளு. பந்தல்காரனாண்ட சண்ட போட்டுகினு இருந்தாரு. என்னாண்ட இன்னா சொன்னாரு தெரிமா? 'நீ போய்ட்டீன்னா வேற ஒண்ணு கட்டிக்குவேன், மரியாதையா வந்து ஆபரேஷன் பண்ணிக்கோ'ன்னாரு. நானும் சர்த்தான் போய்யான்னுட்டேன்."

ஹார்ன் மீண்டும் ஒலித்தது.

"எனுக்கும் பயந்தான் சார்" என்றார் கிரேஸ். "மயக்க ஊசி போட்டு, அப்டியே முழிக்காம பூட்டா? ராத்திரி பகலா அதே நெனப்பு. யாராண்ட சொல்றது? ஊட்ல சொன்னா அவரு ஒடஞ்சிடுவாரு. சபையில பயமா கீதுன்னு சொன்னா, விசுவாசம் பத்தலன்னுவாங்கோ. நீங்களே அப்டித்தானே சார் பேசுவீங்கோ? அட்ட வந்திச்சா, நல்லதாப் போச்சின்னு அதும் பின்னாடி ஒளிஞ்சிகினேன்."

முப்பது ஆண்டுகள் அந்த மக்கள் முன் பேசியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் தம் அச்சத்தை வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்திருந்தார்கள் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்றேன். அந்த வளாகத்துக்குள் நான் அச்சொல்லைச் சொன்னது அதுவே முதல்முறை.

கிரேஸ் தலையை மட்டும் அசைத்தார். எழுந்து வெளியே போனார். சன்னல் வழியே பார்த்தேன். வண்டியருகே நின்று ஏதோ கேட்டார். டேனியல் என் பக்கம் திரும்பி முறைத்தார். கிரேஸ் வேதப்புத்தகப் பையால் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு இருவரும் வண்டியின் முன்னிருக்கையிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி புறப்படவே இல்லை.

கூட யார்?

செவ்வாயன்று கிரேஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். வியாழக்கிழமை காலை அறுவை. நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் மாடி நடையில், பச்சை அங்கி அணிவித்து அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். என்னைக் கண்டதும் கையசைத்து அருகே அழைத்தார்.

"சார், சத்தமா ஜெபம்லாம் பண்ணாதீங்கோ. அவரு பயந்துருவாரு. சும்மா கூட ஒக்காந்துருங்கோ."

அறுவை அரங்கின் கதவு மூடிற்று. டேனியலும் நானும் இரும்பு நாற்காலிகளில் அமர்ந்தோம். ஞாயிறன்று முறைத்ததிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. கிருமிநாசினி நெடி, எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் இரண்டுமுறை எழுந்து நடந்தேன், அவர் அசையவில்லை. வாங்கிவந்த தேநீர் அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"சார்."

"சொல்லுங்க."

"பொயச்சிக்குவா இல்ல?"

இக்கேள்விக்கு என்னிடம் ஆயத்தமான விடைகள் பல உண்டு. நோயாளிகளின் கட்டிலருகிலும் இழவு வீடுகளிலும் அவற்றைத் தங்குதடையின்றிச் சொல்லியிருக்கிறேன்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்டிச் சொல்லு சார். காலைலேர்ந்து போன் பண்றவன் எல்லாம் ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்றான். எனுக்குக் கொல நடுங்குது." ஆடை படிந்த தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கசக்கினார். அதன்பின் நெருங்கி உட்கார்ந்தார். அவர் தோள் என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

வெயில் நடையின் பாதிவரை வந்துவிட்டது. கதவு திறந்து செவிலி ஒருவர் தலையை நீட்டினார்.

"கிரேஸ் கூட யாரு?"

இருவரும் ஒன்றாக எழுந்தோம்.

"முழிச்சிட்டாங்க. கட்டிய எடுத்தாச்சு. பரவியிருக்கா இல்லையான்னு டெஸ்ட் வந்தாத்தான் தெரியும், பத்து நாள் ஆவும். ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. செருப்பு வெளிய."

டேனியல் செருப்பை உதறிவிட்டு ஓடினார். ஒன்று சுவரோரம் போய் விழுந்தது. மற்றொன்று நடையின் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. தள்ளுவண்டிகள் போய்வரும் வழி அது. நான் இரண்டையும் எடுத்து, என் நாற்காலிக்கு அடியில் சேர்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.